நாலு பேரோடு பாலம் ஏற வேண்டிய மோரிஸ் மைனர்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு வீம்பில் பிறந்தது. வீம்பு என்னுடையதல்ல, மண்ணூர்பேட்டை ஞானகுமாரி டீச்சருடையது. வருடம் 1988. அப்பா அவளுக்கென்று விட்டுப்போன மோரிஸ் மைனர் கார், எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டிய பிறகும் ரயில்வே மேம்பாலம் ஏற மறுத்தது.

"ஞாயித்துக்கிழமை நாலு பேரோட பாலம் ஏறலேன்னா, திங்கக்கிழமை பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்றார் அண்ணன் பால்ராஜ்.

"ஏறும். நான்தான் ஓட்டுவேன்" என்றாள் அவள்.

2

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் கண்ணீருடன் அவள்...'

அடித்துவிட்டேன். மழையாவது மண்ணாங்கட்டியாவது! அவளுக்கு வந்தது கோபம். [அழவைத்தால் பரிசு கிடைக்கும் என்றார் ஒரு நண்பர். அவரே வாங்கிக்கொள்ளட்டும்.]

3

மெக்கானிக் கன்னியப்பன் கார்புரேட்டரைக் கழுவினான், பிளக் மாற்றினான். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. மேடு வந்தால் மட்டும் இழுக்கவில்லை.

"நான் கட்டுன இஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல டீச்சரம்மா. வண்டிக்கு வயசாய்ட்ச்சி."

"எனக்கும்தான் வயசாச்சு. நான் மாடி ஏறலையா? பாக்காதது இஞ்சினோட அந்த முன்மூடி ஒண்ணுதானே, கழட்டுங்க."

முறைத்துக்கொண்டே கழற்றினான். உள்ளே இரண்டு பல்சக்கரம், ஒரு சங்கிலி. [சக்கரத்துக்கு ஒரு புள்ளி கொத்தியிருக்கும். இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் நின்றால்தான் வால்வு நேரத்துக்குத் திறக்கும்.] ஒரு சக்கரத்தில் ஏதோ மஞ்சளாக அப்பியிருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டினாள். அடியில் புள்ளி!

கன்னியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிரித்துப்போட்ட சாமானுக்கெல்லாம் ஆயுதபூஜையன்று சந்தனம் வைத்தவன் அவன்தான். அது புள்ளியை அடைத்துவிட, பக்கத்திலிருந்த கீறலைப் புள்ளியென்று நம்பி ஒரு பல் தள்ளிக் கட்டிவிட்டான்.

"சாமி குத்தம் இல்ல டீச்சரம்மா. என் குத்தம்."

"சரி, திருப்பிக் கட்டுங்க."

4

முடிவு அ: வண்டி பாலம் ஏறுகிறது, பால்ராஜ் தலை குனிகிறார்.

முடிவு ஆ: பாதியில் நின்று, பின்னோக்கி...

இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன்.

"என் வண்டி ஏறும் ஏறாதுன்னு சொல்ல நீங்க யாரு?" என்றாள்.

கிழித்துப் போட்டேன்.

5

ஞாயிறு காலை, பாலத்தடி. ஸ்டியரிங்கில் அவள். பக்கத்தில் கன்னியப்பன். பின்னால் உம்மென்று பால்ராஜ். நாலாவது ஆளாக நான் ஏறப் போனேன்.

"நீங்க வேணாம். வண்டி நின்னுட்டா அதையும் அழகா எழுதிடுவீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நியாயம்தான்.

ஆனால் மூன்று பேரோடு ஏறினால் பால்ராஜ் ஒத்துக்கொள்ள மாட்டார். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறாள். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டே கூட வந்தீர்களே, ஏறி உட்காருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.