ஊசியை மெல்ல இறக்கு

எண்பத்தைந்தில் அரசாங்கம் கண்ணை உருட்டியதும், இசைத்தட்டுக் கம்பெனிகள் உறைமேல் முத்திரை குத்தக் கிளம்பின. ஆபாசத்துக்கு ஒன்று, போதைக்கு ஒன்று. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துச் சின்னப் பாட்டுக்குழு நாங்கள்; எங்கள் பாட்டை எங்கள் மனைவிமாரே முழுசாகக் கேட்டதில்லை. பெற்றோர் சங்கத்து அம்மாக்கள் மட்டும் பேனாவும் கையுமாகக் கேட்டுவிட்டு, போதை என்று எழுதிவிட்டார்கள்.

குற்றவாளி ஒரே ஒரு வரி: "ஊசியை மெல்ல இறக்கு, கண்ணே, வலி போயிடும்."

அந்த வரியை வெட்டச் சொன்னது கம்பெனி. முத்திரை விழுந்த தட்டை மால் கடைகள் தொடாதாம். பாட்டு எழுதிப் பாடிய லைல் மாட்டேன் என்றான். டிரம்ஸ் வாசிக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வரிதானேடா, தொலைச்சுத் தலைமுழுகு!"

"அது நதீனுக்குடா, ஆரின்."

நதீன் அவன் மகள். ஐந்து வயதில் தாயோடு போனவளுக்கு இப்போது பதினாலு. விலாசம் கிடையாது.

"எந்த ஊர்ல இருந்தாலும் மாலுக்குப் போவால்ல? என் பேரைப் பார்த்து எடுப்பா. அந்த வரியக் கேட்டா அப்பன்னு தெரிஞ்சுக்குவா."

வரி இருக்கட்டும் என்று நானும் கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன்.

மாநிலத் தலைநகர் கொலம்பஸில் சட்டசபைக் குழு விசாரணை. எங்கள் ஆட்கள் சுதந்திரம், தணிக்கை என்று தொண்டை கிழியப் பேசினார்கள். டிவிக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். லைல் முறை வந்தது. குழுத் தலைவி அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றி அந்த வரியை வாசித்தார்.

"எந்த ஊசி, மிஸ்டர் ஹாட்சர்?"

"ரெக்கார்டு பிளேயர் ஊசிங்க. முழங்கால்ல அடிபட்டா எம்பொண்ணு ஸ்டூல் மேல ஏறிப் பாட்டுப் போடுவா. தட்டுல கீறல் விழாம இறக்கச் சொல்லிக் கொடுத்தேன்."

சிரிப்பு எழுந்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

"சரி, மகள் இப்ப என்ன சொல்றா?"

"தெரியலைங்க. அதுக்குத்தான் இந்த முத்திரை வேணாங்கிறேன்."

யாரும் அதற்குப்பிறகு சிரிக்கவில்லை. ஆனாலும் முத்திரை குத்தினார்கள். மால் கடைகள் தட்டுகளைத் திருப்பி அனுப்பின.

நவம்பரில் கம்பெனி விலாசத்துக்கு ஒரு உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, தபால் முத்திரை மழையில் கரைந்திருந்தது. உள்ளே பஞ்சில் சுற்றிய ஒரு தேய்ந்த ஊசி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "டிவில பாத்தேன். மெல்லத்தான் இறக்கினேன். தேஞ்சுபோச்சு."

லைல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நம்ம பழைய பிளேயர் ஊசிடா. இன்னும் வெச்சிருக்கா."

மத்தியானமே கடைக்குப் போய் அதே ரகத்தில் புது ஊசி வாங்கினான். உறையில் போட்டு ஒட்டினான். மேலே நதீன் என்று எழுதினான். அடுத்த வரியில் விலாசம் எழுதப் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.