இரண்டெழுத்துப் பொத்தான்

1

இந்தக் கதையைக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். பக்கத்தில் போன் இருக்கிறது. சும்மா உட்கார்ந்தால் அதையே வெறித்துப் பார்க்கிறேன், எழுதினால் கண் கொஞ்சம் விலகுகிறது. கதை பிறந்த காரணம் இவ்வளவுதான். பெரிதாக எதையும் எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னியுங்கள்.

"மொட்டை மாடியில் நான்கு தண்ணீர்த் தொட்டிகள், உச்சி வெயிலில்

[அடித்துவிட்டேன். வெயிலை வர்ணிக்கிற நேரமா இது?]

2

கதை எழுதி வயிறு நிறையாததால், கம்ப்யூட்டர் நிறுவனங்களுக்குத் தமிழ் எழுதிக் கொடுக்கிறேன். போன வருடம் ஒரு பராமரிப்பு ஆப் வந்தது. பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நின்றால், குழாய் ஒழுகினால் முன்பெல்லாம் துண்டுச் சீட்டு எழுதுவார்கள். இப்போது அந்த வேலைச் சீட்டு நேராகத் தொழிலாளியின் போனுக்கு வரும். வேலை முடிந்ததும் கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் சீட்டு பட்டியலிலிருந்து போய்விடும்.

அந்தப் பொத்தானுக்கு "வேலை முடிந்தது" என்று எழுதினேன். பெட்டிக்குள் அடங்கவில்லை என்றார்கள். "மூடு" என்று மாற்றினேன். சீட்டை மூடு என்று அர்த்தம். "எவ்வளவு சிக்கனமா எழுதறீங்க!" என்று பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் பூரித்துப் போனேன்.

3

என் தம்பி ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் பிளம்பர். இன்று மதியம் கூப்பிட்டான்.

"அக்கா, உன் ஆப் எங்களுக்கும் வந்துருச்சு. மூணாம் நம்பர் தொட்டியைக் கழுவணுமாம். 'தொட்டி 3'ன்னு போட்டு, அதுக்குக் கீழயே 'மூடு'ன்னு இருக்கு. எதைக்கா மூடணும்?"

"முதல்ல உன் வாயை மூடு."

இருவரும் சிரித்தோம்.

"சரி, நான் உள்ள இறங்கறேன். போன் நனைஞ்சிரும், மீசைக்காரர் கையில குடுத்துட்டுப் போறேன்."

மீசைக்காரர் அங்கே காவலர். நான் பாத்திரம் கழுவப் போனேன். பாதித் தட்டில்தான் உறைத்தது. தொட்டிக்கு ஒரு இரும்பு மூடி உண்டு. அதை மூடித் தாழ் போட்டால், அடுத்த வேலை வால்வைத் திறந்து தண்ணீர் விடுவது.*

* இந்த வரிசையைத் தம்பியேதான் எனக்கு ஒருமுறை சொன்னான். கதைக்கு ஆகும் என்று ஆசையாகக் குறித்து வைத்திருந்தேன்.

4

நீங்கள் முறைப்பது தெரிகிறது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் எந்த மடையன் மூடுவான்?

எனக்கும் இந்தக் கதாபாத்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. மீசைக்காரர் மூடமாட்டார். ஆனால் இரண்டு மணிக்கு அவருக்கு டியூட்டி முடிகிறது. போனை அடுத்த காவலர் கையில் கொடுத்துவிட்டு, அவசரத்தில், உள்ளே ஆள் இருப்பதைச் சொல்ல [அவர் சொல்லியிருப்பார். கட்டாயம் சொல்லியிருப்பார்.] புதிதாக வந்தவர் முட்டாள் இல்லை. 'தொட்டி 3, மூடு' என்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடுகிறது, உள்ளேயிருந்து கத்தினாலும் கேட்காது.

மணி இரண்டு இருபது. தம்பி போனுக்கு ஏழு தடவை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. கட்டட அலுவலகத்துக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மூணாம் தொட்டிங்களா? அது மூடியாச்சுங்களே."

"எது? சீட்டா, தொட்டியா?"

"தெரியலைங்க. இங்க 'மூடப்பட்டது'ன்னு காட்டுது."

"மூடப்பட்டது" என்பதும் நான் எழுதிக் கொடுத்ததுதான்.

"ஐயோ, உள்ள என் தம்பி இருக்கான்மா! உடனே மேல யாரையாவது அனுப்பு!"

"இதோ, நானே ஓடறேங்க."

அவள் ஓடி எட்டு நிமிடம் ஆகிறது. அங்கே போய்ச் சேர எனக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அதனால்தான் இங்கே உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

5

கைவசம் உள்ள முடிவுகள்:

தம்பி அரை மணி முன்பே வேலையை முடித்து, தானே பொத்தானை அழுத்திவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "உனக்கு என்ன பைத்தியமாக்கா?" என்று திட்டுகிறான். எனக்கு இது போதும். நடை மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.

அல்லது, அந்தப் பெண் மூச்சிரைக்க மேலே போய்த் தாழை இழுக்கிறாள். மூடியைத் தூக்கும்போது தண்ணீர் விளிம்பு வரை

[மாட்டேன். இதை எழுத மாட்டேன்.]

அல்லது, இடுப்பளவுத் தண்ணீரில் அவன் நின்றுகொண்டு

போன் அடிக்கிறது.

தம்பியின் நம்பர். அவன் பெயர்தான் திரையில் தெரிகிறது. ஆனால் அந்தப் போன் அவனிடம் இல்லை, காவலரிடம் இருந்தது. பேசப்போவது அவனா, காவலரா, அந்தப் பெண்ணா என்று எடுத்தால்தான் தெரியும்.

மூன்றாவது முறையாக மணியடிக்கிறது. போனை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் எடுத்து "ஹலோ" சொல்லுங்கள். என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நான் உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.