ஏணி ஏறாத பவுனம்மாள்

பவுனம்மாளைப் பற்றி ஊரில் ஒரே பேச்சுதான், திமிர் பிடித்தவள். மகன் புகழேந்தி பைக்கில் ஏறச் சொன்னால் ஏறமாட்டாள், நடந்தேதான் வருவாள். மருமகள் இளவரசி கைப்பிள்ளையை நீட்டினால் தூக்கமாட்டாள். "ஒடம்புக்கு இன்னா அத்த?" என்றால் "ஒண்ணுமில்ல" என்று ஒரே வெட்டு. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இளவரசியும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் பெண்ணையாற்று வெள்ளம் பாகூர்ப் பக்கத்து வயல்களை மூடிக்கொண்டு தெருவுக்குள் வந்துவிட்டது. புகழேந்தி திருபுவனை கம்பெனியில் நைட் ஷிப்ட்டுக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். போனும் செத்துப்போயிருந்தது. தெருப்பக்கம் கால் வைத்தால் தண்ணீர் ஆளை இழுத்தது. மிச்சமிருந்த வழி பின்கட்டில் சாத்தியிருந்த மூங்கில் ஏணி ஒன்றுதான்.

இளவரசி பிள்ளையைத் தோளோடு கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். தண்ணீர் டேங்குக்கு அடியில் கூடைக்குள் படுக்க வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏறு அத்த!"

"நீ புள்ளகிட்ட போ. நான் கட்டில் மேல நின்னுக்கறன்."

"கட்டிலே மெதக்குது அத்த!"

பவுனம்மாள் ஏணியைப் பார்த்தாள். படிக்குப் படி அகலமான இடைவெளி. செத்துப் பிறந்த பெண் குழந்தையைப் புதைத்த கையோடு நடவுக்குப் போனவள் அவள். சேற்றில் குனிந்து நிமிர்ந்ததில் கர்ப்பப்பை கீழே இறங்கத் தொடங்கியது. பழைய வேட்டியைக் கிழித்துக் கோவணம்போல் இறுக்கிக் கட்டிக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டிவிட்டாள். கட்டின புருஷனுக்கே சொல்லவில்லை, அவரும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். இப்போது அந்தக் கட்டு தண்ணீரில் ஊறித் தளர்ந்து கிடந்தது. சாவுக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. ஏணியில் பாதியில் நிற்கும்போது மருமகள் கண்ணெதிரே அது நழுவி விழுந்தால்?

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மேலே பிள்ளை வீறிட்டது.

"இப்பக்கூட இன்னா திமிரு உனக்கு?" இளவரசி அழுதுகொண்டே கத்தினாள். "என் கை பட்டா ஒட்டிக்குமா?"

"திமிரு இல்லடி," என்றாள் பவுனம்மாள். "எனக்கு அடி எறங்கிப்போயி கெடக்குது. கால தூக்கி வச்சா வெளிய வந்துடும். போ, என்ன வுட்டுட்டுப் போ."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகள் முகம் சுளிப்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"அத்த," இளவரசியின் குரல் காதருகே கேட்டது. "புள்ள பொறந்ததுலேருந்து எனக்கும் சரியில்ல. இருமுனா, தும்முனா, ஒண்ணுக்குப் போயிடுது. துணி வச்சிக்கினுதான் காலம் தள்றன். தெரிஞ்சா அசிங்கமா நெனப்பியோன்னு மறைச்சன்."

கூத்தைப் பாருங்கள். ஒரே கொல்லையில் வேலிக்கு இந்தப் பக்கம் மாமியாரும் அந்தப் பக்கம் மருமகளும் ஒருத்திக்கொருத்தி தெரியாமல் துணி காயப்போட்டிருக்கிறார்கள். மருமகள் மாமியாரைத் திமிர்க்காரி என்றாள், மாமியார் மருமகளை எதையோ ஒளிக்கிற கள்ளி என்று கறுவினாள்.

இளவரசி தூளிச் சேலையை உருவினாள். "உள்ள தள்ளி வச்சிக்கோ அத்த, நான் கட்றன்." இடுப்பைச் சுற்றி, கால்களுக்கு நடுவே கொடுத்து, பல்லைக் கடித்து இறுக்கினாள். பிறகு பின்னால் நின்று தோளைக் கொடுத்தாள். ஒவ்வொரு படிக்கும் பவுனம்மாள் முனகினாள். "எறங்காது அத்த, என் தோள் இருக்குது, ஏறு" என்று சொல்லிச் சொல்லியே மருமகள் அவளை மேலே கொண்டுசேர்த்தாள்.

மாடியிலும் விடுதலை இல்லை. நாலு பக்கமும் தண்ணீர், மேலே ஓயாத மழை. இளவரசி விடாமல் இருமினாள். இருமலோடு சிறுநீர் கசிந்ததும் கூச்சத்தோடு மாமியாரைப் பார்த்தாள். "வுடுடி, மழையில யாருக்குத் தெரியப்போவுது" என்றாள் பவுனம்மாள். பிள்ளையை வாங்கி முதன்முதலாக மடியில் வைத்துக்கொண்டாள்.

உச்சிப்பொழுதுக்கு வீராம்பட்டினத்துப் படகு ஒன்று சுவரோரமாக வந்து நின்றது. படகுக்காரன் அண்ணாந்து பார்த்தான்.

"யாருக்குன்னா ஒடம்பு சரியில்லயாம்மா? ஆஸ்பத்திரி வேன் ரோட்டுல நிக்குது."

வழக்கமான 'ஒண்ணுமில்ல' பவுனம்மாளின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இளவரசி தலை குனிந்துகொண்டாள். பவுனம்மாள் அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

"இருக்குதுப்பா," என்றாள். "ரெண்டு பேருக்கும்."