ரம்பை இலையும் சம்பந்தியின் கட்டைவிரலும்

மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் எல்லாம் சரிதான். அவள் மாமனார்தான் கொஞ்சம் மரை கழன்றவர். தையல்காரர். திடீரென்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். ரம்பை இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரை, மூட்டுவலி, முடி கொட்டுவது எல்லாம் ஓடிப்போகும் என்று போன் வீடியோவில் ஒரு தாடிக்காரன் சொன்னானாம். அவன் தலை வழுக்கை. அதை இவர் கவனிக்கவில்லை.

ரம்பை என்பது வாள் மாதிரி நீளமான இலை. சோறு வேகும்போது ஒரு துண்டு போட்டால் தெருமுனைவரை மணக்கும். அதுவரைக்கும் எனக்கும் சம்மதம்.

போன தடவை பார்த்தபோது வலது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். மெஷின் மிதிக்கிற கால்.

"என்ன சம்பந்தி இது?"

"செருப்பு கடிச்சது. ஆறிடும்."

"எப்போ கடிச்சது?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

மகள் என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "அப்பா, இப்படியே விட்டா விரலையே எடுக்கணும்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. மாத்திரையை நீட்டினா விஷம்னு தட்டி விடறார். நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

நான் வெல்டர். நயமாகப் பேசுவது என் தொழில் இல்லை. இருந்தாலும் பேசினேன்.

"இலைக்கு அவ்வளவு சக்தி இருந்தா ஆஸ்பத்திரி வாசல்ல தொட்டி தொட்டியா நட்டு வெச்சிருக்க மாட்டாங்களா?"

"அப்புறம் மாத்திரையை யாருக்கு விக்கறது? உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு சம்பந்தி? கண்ணாடியில தெரியற மூஞ்சியையே யாருடா நீன்னு கேக்கற ஆளு!"

அது வாஸ்தவம்தான். ஆனால் அழுகுவது அவர் விரல் அல்லவா.

என் பேச்சு அங்கே செல்லாது. மார்க்கெட்டில் அவருக்கு இலை விற்கிற அம்மா பேச்சு செல்லும். நேரே அவளிடம் போனேன்.

"ஒரு பொய் சொல்லணும்மா."

"காலையில இருந்து அதைத்தானே செய்யறேன். இன்னொண்ணுக்கு என்ன? சொல்லுங்க."

விரல் கதையைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "நான் வாசனைக்குத்தான் விக்கறேன். நோய்க்குன்னு சொன்னதே இல்லை."

"இல்லைன்னும் சொல்லலையே."

இலைக்கட்டைக் கீழே வைத்தாள். "சரி, அவர்கிட்ட என்ன சொல்லணும்?"

மறுநாள் சம்பந்தி என் பட்டறைக்கே நொண்டிக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது! இலைக்கு வீரியம் இருக்கு. ஆனா ரத்தத்துக்குள்ள போக வழி தெரியாது. மாத்திரைதான் கதவைத் திறந்து விடணும். டாக்டர் எழுதின அளவு தப்பவே கூடாது. புண்ணுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டுதான் போடணுமாம். அந்தம்மாவோட பாட்டன் காலத்து ரகசியம்!"

பாட்டன் காலத்தில் மாத்திரை ஏதய்யா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

மூன்று மாதத்தில் புண் மூடிவிட்டது. விரல் தப்பித்தது. மனுஷன்தான் அடங்கவில்லை. சட்டை தைக்க வருகிறவனுக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டி ரம்பை புராணம் படிக்கிறார். எவனாவது பாதியைக் கேட்டுவிட்டு மாத்திரையை விட்டுத் தொலைப்பானே என்று, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "மாத்திரையோடதான், மாத்திரையோடதான்" என்று கத்த வேண்டியிருக்கிறது.

நேற்று ஒருவன் என்னைக் காட்டி, "இவரும் வைத்தியரா?" என்று கேட்டான்.

"கத்துக்கறார்," என்றார் சம்பந்தி. "எங்கிட்டதான்."