ஏழு பேர் அடங்கும் லென்ஸ்

1

பாஸ்போர்ட் போட்டோவுக்காக முகவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கிடைத்த கதை இது. 2004ஆம் ஆண்டு, மட்டாஞ்சேரியில் சுடலைமணியின் ஸ்டுடியோ. "கொஞ்சம் தாழ்த்துங்க சார்" என்றார். தாழ்த்தினேன். "இப்ப கொஞ்சம் உயர்த்துங்க" என்றார். இப்படி என் முகம் ஏறி இறங்கிய இடைவெளியில், பொண்டாட்டியிடம் ஐந்து வருடமாக மறைத்துவைத்திருந்த ஒரு பொய்யை என்னிடம் சொல்லி முடித்துவிட்டார். முகத்தை அசைக்கக் கூடாது என்பதால் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடற்காற்றின் ஈரத்தில் ஒரு கலைஞனின் கண்கள்…" அடித்துவிட்டேன். ஈரத்தில் அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. லென்ஸில்தான் பூஞ்சை பிடித்தது.

அடுத்தது: "1999 ஜூனில் சுடலைமணிக்கு ஒரு மீன்கண் லென்ஸ் தேவைப்பட்டது." இதையும் அடிக்க வேண்டும். தேவைப்படவில்லை. அதுதான் கதையே.

2

சுடலைமணி குடும்பம் இருந்தது பத்தடிக்குப் பத்தடி லைன் வீட்டில். ஒரே அறை, ஏழு பேர்: அவர், சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் மனைவி சீனியம்மாள், இரண்டு மகள்கள், தம்பி வீரபாண்டி, வீரபாண்டியின் மனைவி, அவர்களின் கைக்குழந்தை.

(ஏழு பேர் இந்தக் கதைக்கு அதிகம். வீரபாண்டியைக் குடும்பத்தோடு நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கினால் அறையில் இடம் வந்துவிடும், அப்புறம் இன்னொரு அறை கேட்டு மனு எதற்கு? ஆகவே அவர் இருக்கிறார். ஆறடி இரண்டு அங்குலம். நான் உயரத்தைக் குறைத்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை.)

பக்கத்து அறை காலியானது. மூத்தவள் பத்தாம் வகுப்பு. படிக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையைக் கேட்டு சீனியம்மாள் மனுப் போட்டாள். வீட்டின் உள்பக்கம் முழுவதும், அதில் வசிக்கும் அத்தனை பேரும் தெரிகிற மாதிரி ஒரே போட்டோ வேண்டும் என்றது அலுவலகம்.\*

சுடலைமணி வாசற்படியில் நின்று கேமராவில் பார்த்தார். அலமாரி தெரிந்தது. வீரபாண்டியின் இடது பாதி தெரிந்தது.

"பக்கத்துல நின்னா இவ்வளவுதான் அடங்கும். வேற லென்ஸ் வேணும்" என்றார். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க இருமினாராம்.

\* எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். எனக்கும் அங்கே ஒரு மனு கிடக்கிறது.

3

எர்ணாகுளம் கடைக்குப் புருஷனும் பொண்டாட்டியுமாகப் போனார்கள். விற்பனையாளர் அபிலாஷ் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தான். ஒன்று இருபத்தெட்டு எம்.எம்., அடக்க ஒடுக்கமான வைடு லென்ஸ். மற்றொன்று யாரோ பயன்படுத்தி விற்றுவிட்டுப் போன மீன்கண், எதிரே உள்ள எல்லாவற்றையும் வளைத்து உள்ளே இழுக்கிற லென்ஸ். கண்ணாடி வெளியே பிதுங்கிக்கொண்டு, அயிலை மீன் அதட்டுகிற மாதிரி முறைத்தது. ஏழு வருடமாக அதைக் கனவு கண்டவர் சுடலைமணி.

"பத்தடி ரூமல்லே? இருபத்தெட்டு மதி சேட்டா" என்றான் அபிலாஷ், அதுவே போதும் என்கிற அர்த்தத்தில். "எல்லாம் கிட்டும்—"

சுடலைமணி அவன் காலை மிதித்தார்.

"எதுக்குங்க கத்துதான்?" என்றாள் சீனியம்மாள்.

"ஒண்ணுமில்ல சீனி. இருபத்தெட்டுல ஆள் அடங்காதாம். அந்தச் சங்கடத்துல கத்துதான்."

அவள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். மீன்கண்ணில் அபிலாஷின் மூக்கு கப்பைக்கிழங்கு போல அவளை நோக்கி வந்தது. கடை அதிரச் சிரித்தாள்.

"சரி, இதவே வாங்குங்க" என்றாள்.

இந்த இடத்தில் சுடலைமணியின் மனச்சாட்சியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். "அப்ப அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், பஸ்சுல வரும்போதுதான் லேசா வந்துச்சு" என்றார். தோப்பும்படி தாண்டும் முன் அதுவும் போய்விட்டதாம். பத்தியை நீக்கிவிட்டேன்.

4

படம் பிரமாதமாக வந்தது. ஏழு பேரும் இருந்தார்கள். நான்கு சுவரும், கூரையும், தரையும், ஏழாவது ஆளாகச் சுடலைமணியின் சொந்தச் செருப்பு நுனியும் இருந்தன. ஓரத்தில் நின்ற வீரபாண்டி மட்டும் வாழைப்பழம் மாதிரி வளைந்து குடும்பத்தையே அணைத்துக்கொண்டு நின்றார்.

அலுவலகத்தில் ஜிஷா மேடம் படத்தை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதென்தா, கல்யாண மண்டபமோ?"

"வீடு மேடம்."

"இத்தர பெரிய வீடு இருந்திட்டாணோ இன்னொரு ரூம் கேக்குன்னது?"

படத்தில் பின்சுவர் எங்கோ வயல் தாண்டி இருப்பது போலத் தெரிந்தது. கட்டில் தீப்பெட்டி. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பந்து விளையாடலாம். மேடம் மனுவைத் தள்ளி வைத்தார்.

சீனியம்மாள் வெளியே வந்து வராந்தாத் தூணில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று சுடலைமணி நினைத்துவிட்டார். அந்த இருபத்தெட்டை யாரிடமாவது இரவல் வாங்கி மறுபடி எடுத்தால் போதும். ஆனால் எடுத்தால் ஏழு பேரும் அதில் அடங்கிவிடுவார்கள். அடங்கிவிட்டால் கடையில் சொன்ன பொய்—

திரும்பி உள்ளே போனார்.

"மேடம், படம் சொல்றத நம்பாதீங்க. நீங்களே ஒரு தடவ வந்து பாருங்க. ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க."

மறுநாள் ஜிஷா மேடம் வந்தார். உள்பக்கமாகத் திறக்கும் கதவு. எட்டாவது ஆளுக்கு இடம் விட எல்லோரும் நகர, கதவு தானே சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் அதைத் திறக்க இடமில்லை. மேடத்தின் கையில் எப்படியோ குழந்தை வந்திருந்தது. வீரபாண்டி கட்டில்மேல் ஏறி, தலை கூரையில் இடித்து, குனிந்து வணக்கம் சொன்னார்.

"மூத்தவளே, அலமாரிப் பக்கம் திரும்பு. சின்னவ, மூச்ச உள்ள இழு. ஏங்க, அந்த வயித்த எங்கயாவது வைங்க" என்று சீனியம்மாள் உத்தரவு போட்டாள். "மேடம், நீங்க ஒரு கால மட்டும் தூக்கணும்."

கதவைத் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. சாயா வெளியே வந்துதான் குடித்தார்கள்.

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மேடத்துக்கு மாற்றல் வந்துவிடுகிறது: சலிப்பு. குழந்தை கோப்பின்மேல் மூத்திரம் போய்விடுகிறது: நானே சிரித்தேன், ஆனால் கோப்பு அலுவலகத்தில் இருந்தது. மூன்றாவது நடந்தது. ஜிஷா மேடம் அந்தப் படத்தின் பின்னால் மலையாளத்தில் எழுதினார். தமிழில் சொன்னால்: "படத்தில் உள்ளது இந்த வீடுதான். ஆனால் இந்த வீடு படத்தில் உள்ளது போல இல்லை." இரண்டே மாதத்தில் அறை கிடைத்தது.

5

சரிபார்க்க வேண்டுமே என்று சுக்குக் கிடங்கு வாசலில் சீனியம்மாளைப் பார்த்தேன். லென்ஸ் என்று வாயைத் திறந்ததுமே சிரித்தாள்.

"இருபத்தெட்டுலயே கடை மொத்தமும் தெரிஞ்சுது சார். எனக்குக் கண்ணு இல்லியா? அந்தப் பையன் கால மிதிச்சதயும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் வாங்கச் சொன்னீங்க?"

"அவுக மூஞ்சி அப்பிடி இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்பிடி இல்ல."

"அலுவலகத்தில் அழுதீங்களாமே?"

"அழுகையா? வீரபாண்டி வளைஞ்சு நின்னத நினைச்சு சிரிப்ப அடக்கிட்டு நின்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும்னு எழுதிராதீங்க. அவுக ரகசியம்னு வச்சிருக்கது அது ஒண்ணுதான்."

6

சிக்கல் இதுதான். சுடலைமணி தமிழ் பேசுவார், படிப்பது மலையாளம். "நான் உண்மையச் சொல்லிட்ட மாதிரி எழுதுங்க சார். மக படிச்சுக் காட்டுவா, சீனியும் கேட்டுக்கிடுவா, நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் பாருங்க" என்று கெஞ்சியிருக்கிறார். சீனியம்மாளோ தனக்குத் தெரியும் என்பதை எழுதாதே என்கிறாள். இரண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டியது நான்தான். முகத்தை அசைக்கக் கூடாது என்பதை அன்று மறந்துவிட்டேன்.

ஆகவே கடைசி வரியை எழுதிப் பாதியில் விடுகிறேன். மிச்சத்தை உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என்மேல் பழி வராது.

மகள் நான்காம் பகுதியோடு படிப்பதை நிறுத்தினாள். சுடலைமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சீனி, அந்த லென்ஸு இருக்குல்லா…" என்று ஆரம்பித்தார். சீனியம்மாள் ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு,