உள்ளூர்த் தரம்

டிரம்மைத் திறந்ததும் கருவாட்டு வாடை அடித்தது. எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது. உள்ளே இருந்தது டி.எம்.எஃப். என்கிற கரைப்பான். சுத்தமாக இருந்தால் இப்படி நாறாது. உடைந்து கெட்டுப்போகும்போது அதிலிருந்து அமீன் என்ற வகை வேதிப்பொருள் ஒன்று பிரிந்து வரும். அதன் வாடைதான் இந்தக் கருவாடு.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்று மதியழகனைக் கேட்டேன். அவர்தான் உற்பத்தி மேனேஜர்.

"ஆம்பூர் பக்கம் ஒரு ரெக்சின் கம்பெனி மேடம். அவங்க யூஸ் பண்ணதைக் காய்ச்சி வடிச்சுத் திரும்ப விக்கறாங்க. புது சரக்கு கெடைக்கல, சார்தான் வாங்கச் சொன்னாரு. ப்யூரிட்டி நல்லாதான் இருந்துச்சு."

"பேட்ச்ல போட்டாச்சா?"

"நீங்க லீவுல இருந்தப்பவே பேட்ச் முடிஞ்சிடுச்சு."

எங்கள் கம்பெனி ராணிப்பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கிறது. முன்பக்க ஷெட்டில் தோலுக்கான சாயங்கள். பின்பக்கம் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு மூலப்பொருள் தயாரிக்கிற பிளாண்ட். முதலாளி சுந்தரமூர்த்தி காலமெல்லாம் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குச் சாயம் விற்றவர். மருந்துக்கு வந்தது அண்மையில்தான். என் பெயர் எப்சி, தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பு. சரக்கு வெளியே போக என் கையெழுத்து வேண்டும்.

எங்கள் மருந்தின் கடைசிக் கட்டத்தில், மிச்சமிருக்கும் அசைடு என்ற நச்சுப்பொருளை அழிப்பதற்காக நைட்ரைட்டும் ஆசிட்டும் போடுவோம். அந்த வகை அமீனும் நைட்ரைட்டும் ஆசிட்டும் ஒரே பாத்திரத்தில் சந்தித்தால் நைட்ரோசமீன் உண்டாகும். புற்றுநோயைக் கொண்டுவருகிற சாமான் அது. எந்த ஊர் அமீன், எந்தக் கம்பெனி நைட்ரைட் என்று அது விசாரித்துக்கொண்டிருக்காது. வேதியியல் படித்ததில் உள்ள ஒரே லாபம் இதுதான்: ஒன்றின் குணம் தெரிந்தால் அதன் குடும்பத்துக் குணமே தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் யாராவது செத்துக் காட்ட வேண்டியதில்லை. அதற்காகத்தானே தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உட்கார்ந்து வகைபிரித்து எழுதிவைத்தார்கள்? சில வருஷங்களுக்கு முன்னால் வெளிநாட்டில் பெரிய கம்பெனிகளே இதே வகையில் மாட்டி, விற்ற மாத்திரைகளைத் திரும்ப வாங்கின. இந்தத் தொழிலில் அதைப் படிக்காதவர் கிடையாது. மதியழகனும் படித்தவர்தான்.

"உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்றேன்.

"தோணிச்சு மேடம். நான் இன்னா பண்றது?"

தெரியாதவன்மேல் எனக்குக் கோபம் வராது. தெரிந்துகொண்டு தலையைச் சொறிகிறவனைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலாளி அறைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நம்ம டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சுல்ல?"

"அந்த டெஸ்ட் இதைத் தேடவே தேடாது சார். மெஷின் நாம கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும்."

"தேடாமலே இருக்குன்னு நீ எப்பிடிம்மா சொல்ற?"

"இருந்தே தீரும் சார். இது ரெண்டும் சேர்ந்தா அதுதான் வரும்."

அவர் சிரித்தார். ஆனாலும் மறுக்கவில்லை. "சரி, மெட்ராசுக்கு அனுப்பிப் பாரு. உன் மனசுக்குத் திருப்தியா இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு மரியாதைகூட வந்தது. எவ்வளவு முட்டாள் நான்.

சென்னை லேபிலிருந்து ரிசல்ட் வந்தது. அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு. காகிதத்தை அவர் மேஜையில் வைத்தேன். இனி பேச என்ன இருக்கிறது, பேட்ச்சை அழித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த டெஸ்ட்டை எந்தெந்த பார்ட்டி கேப்பான்?"

"ஐரோப்பாக்காரன் கட்டாயம் கேப்பான்."

"வடக்கே நம்ம மாத்திரைக்காரன்?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "அவங்க இதுவரைக்கும் கேட்டதில்ல சார்."

"அப்போ எக்ஸ்போர்ட்டுக்கு வேணாம். நல்ல பேட்ச்சோட பாதிக்குப் பாதி கலந்து லோக்கலுக்குப் போட்டுடு. ஜாஸ்தியா இருக்கறது கம்மியாய்டும்ல?"

தோல் தொழிலில் இதற்குச் செலக்‌ஷன் என்று பெயர். மேஜையில் தோலை விரித்து, புரட்டிப் பார்த்துத் தரம் போடுவார்கள். உண்ணி கடித்த தழும்பு இல்லாதது ஷூ மேல்பக்கத்துக்கு, கப்பலேறும். கொஞ்சம் தழும்பு இருந்தால் உள்பக்கத்துக்கு. அதுவும் தேறாவிட்டால் கையுறைக்கு. அங்கே எதையும் தூக்கிப் போடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஓர் ஆள் இருப்பான். அது கெட்டிக்காரத்தனம்தான், நான் குறை சொல்லவில்லை. மட்டமான கையுறை போட்டவனுக்குக் கல்லீரலில் கட்டி வராது.

"சார், இது தோல் இல்ல. சாப்பிடற மருந்து. தெனம் சாப்பிடறது. சாகற வரைக்கும் சாப்பிடறது."

"கத்தாத எப்சி. வீணாக்காம இருக்கறதுதான் தொழில்."

"பாதி விஷமும் விஷந்தான் சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீ போடாட்டி சௌமியா போடுவா. லாரி நாளைக்கு வருது. சும்மா பேஜார் பண்ணாத."

சௌமியா என் உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. லேபுக்குத் திரும்பியபோது அவள் கண் கலங்கி நின்றாள்; அதற்குள் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அவளைத் திட்டி என்ன பயன்? மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு ரிசல்ட்டோடு எழுதி அனுப்பினேன். அவர்கள் பார்த்து, ஆள் அனுப்பி, சாம்பிள் எடுப்பதற்குள் சரக்கு மாத்திரையாகி, அட்டையில் ஏறி, எங்கள் பக்கத்துக் கணியம்பாடி மெடிக்கல் ஷாப் வரைக்கும் வந்துவிடும். இந்தப் பக்கம் பிபி மாத்திரை போடாத வீடு எது?

அன்று முழுவதும் என்னைத் தின்றது ஒன்றுதான். நான் கற்றதை வைத்து விஷம் எங்கே இருக்கும் என்று சொன்னேன். அவர் அதையே வைத்து, எங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். என் படிப்பு அவருக்கு வழிகாட்டியாகிவிட்டது. த்தூ.

மறுநாள் காலை கெட்ட பேட்ச் முழுவதும் கலக்கும் இயந்திரத்துக்குள் இருந்தது. நல்ல பேட்ச் டிரம்கள் பக்கத்தில் மூடியபடி காத்திருந்தன. எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். நான் முன்பக்க ஷெட்டுக்குப் போனேன்.

கைக்கு வந்த சாயத்தை எடுக்கவில்லை. எங்கள் மருந்து அமிலக் குணம் உள்ளது. ஆசிட் டை என்றால் ஒட்டாது, அலசிவிடுவார்கள். பேசிக் டை, அதாவது காரச் சாயம், வேறு குலம்; அமிலத்தைக் கண்டால் கவ்விக்கொள்ளும். பேசிக் பிரவுன் டின் ஒன்றைத் திறந்து வெந்நீரில் கரைத்து, வாளியோடு கொண்டுபோய் இயந்திரத்துக்குள் ஊற்றி, மூடி, சுவிட்சைப் போட்டேன்.

சத்தம் கேட்டு மதியழகன் ஓடிவந்து நிறுத்தினார். மூடியைத் திறந்தவர் "ஐயோ மேடம்" என்று அப்படியே நின்றுவிட்டார். உப்புப்போல வெள்ளையாக இருந்த மருந்து, சேற்றுக் கட்டிகளாகக் கிடந்தது.

முதலாளி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"பேசிக் பிரவுனா?"

"ஆமா சார்."

மதியழகன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "சார், கரைச்சு கார்பன் போட்டு வடிகட்டினா ஒருவேளை… சின்னதா ஒரு டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம் சார்."

"இன்னாய்யா டெஸ்ட்டு?" என்று முதலாளி அவர்மேல் சீறினார். "ஆசிட் சரக்குல பேசிக் டை ஏறிடுச்சு. போவாது. இதுக்கு டெஸ்ட் வேறயா? நேத்துதான் நான் சாயம் விக்க வந்தேனா?"

"நானும் அப்படித்தான் சார் சொன்னேன்" என்றேன். "அமீனும் நைட்ரைட்டும் சேர்ந்தா வரும்னு."

அவர் உள்ளங்கையில் இருந்ததைத் தரையில் உதறினார்.

"வெளிய போ" என்றார் முதலாளி. "உன் மேல கேஸ் போடுவேன்."

"போடுங்க சார். அந்தப் பேட்ச்ல இன்னா இருந்துச்சுன்னு கோர்ட்ல சொல்றதுக்கு எனக்கும் ஒரு எடம் வேணும்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் லாரி டிரைவர் லோடு எப்போது என்று வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு லோடு இல்லை என்று நானே சொன்னேன். என்னைக் கண்டபடி திட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். அந்த லாரி காலியாக மெயின் ரோட்டில் ஏறிப் போகும்வரை வெயிலில் நின்று பார்த்தேன்.