முந்திய வேலை நாள்

மருதனார்மடச் சந்தியில் தண்ணீர்ப் பம்பும் குழாயும் விற்கிற குகதாசன் ஒருவருக்கும் ஒரு சதம் பாக்கி வைக்காதவன் என்று பெயரெடுத்தவன். ஒருவருக்கும் ஒரு நாள் முன்னதாகக் காசு கொடுக்காதவன் என்றும் சந்தி சொல்லும். இரண்டும் உண்மை. இரண்டையும் அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

"பத்தாம் திகதி தவணையெண்டால் பத்தாம் திகதி பின்னேரம் குடுக்கிறவன்தான் வியாபாரி. ஒன்பதாம் திகதி குடுக்கிறவன் பயந்தவன். பதினோராம் திகதி குடுக்கிறவன் கள்ளன்" என்பான்.

இப்படிப்பட்ட மனிதனுக்கு வங்கி ஒரு கடனட்டையைக் கொடுத்தபோது, உலகத்தில் யாரோ தன்னை நினைத்துத்தான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அவன் நம்பினான். கொழும்பு மொத்த வியாபாரியிடம் அட்டையைத் தேய்த்துச் சாமான் எடுக்கலாம். நாற்பத்தைந்து நாளுக்கு வட்டி இல்லை. அதற்குள் பம்பு விற்றுவிடும், காசு மேசை லாச்சிக்குள் வந்துவிடும், கடைசி நாள் பின்னேரம் வங்கிக்குப் போய்க் கட்டினால் போதும். ஆறு வருடம் இப்படி வங்கியின் காசில் வியாபாரம் செய்து, வங்கிக்கு ஒரு ரூபாய் வட்டியும் கொடுக்காமல் வாழ்ந்தான்.

போன வருடம் ஒரு கடைசி நாளில் வரிசை நீண்டு, கதவு பூட்டுகிற நேரத்துக்குச் சரியாகத்தான் அவனுடைய முறை வந்தது. கவுண்டரில் இருந்த ஜெயசுதன் அவனுடைய வியர்வையைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னான்.

"ஏன் அண்ணை இப்பிடி ஓடித் திரியிறியள்? ஒரு கட்டளைப் படிவம் நிரப்பித் தாங்கோ. கடைசி நாள் கொம்பியூட்டரே உங்கடை சேமிப்புக் கணக்கிலையிருந்து எடுத்துக் கிரெடிட் காட்டுக்குக் கட்டிப்போடும்."

"அதுக்கு எவ்வளவு எடுப்பியள்?"

"அது சும்மா."

சும்மா என்று கேட்டதும் குகதாசனுக்குச் சந்தேகம் வந்தது. சும்மா தருகிறவனிடம் இன்னும் ஏதாவது கறக்க இடம் இருக்கும். அட்டைக்கான வருடக் கட்டணத்தைக் கழித்துவிட்டால் கையெழுத்து வைக்கிறேன் என்றான். ஜெயசுதன் முகாமையாளரிடம் மூன்று தரம் உள்ளே போய் வந்தான். மூன்றாம் தரம் சிரித்துக்கொண்டு வந்தான். கட்டணம் கழிந்தது.

கொழும்புப் பட்டியலில் ஒரு வோஷர் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவன், அன்றைக்கு வென்ற களிப்பில், பென்சிலால் புள்ளடி போட்டிருந்த மூன்று இடங்களிலும் வாசிக்காமலே கையெழுத்தை வைத்துவிட்டுக் கடைக்கு வந்து, நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த கதையை மனைவி உதயகலாவுக்கு இரண்டு தரம் சொன்னான்.

இந்த வருடம் பங்குனியில்தான் பெரிய சங்கதி வந்தது. கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரர் செல்வரட்ணம் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தார். கட்டிடத்தை விற்கப் போகிறாராம். விலை தொண்ணூற்றைந்து லட்சம். பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்தவனுக்கு முதல் உரிமை, ஆனால் ஆனி முப்பதுக்குள் காசு வரவேண்டும்.

குகதாசனிடம் நிலையான வைப்பில் நாற்பது லட்சம் இருந்தது. மிச்சம் ஐம்பத்தைந்துக்குச் சிறு வியாபாரிகளுக்கென்று வங்கியில் குறைந்த வட்டிக் கடன் ஒன்று இருந்தது. ஒரே நிபந்தனை, கடந்த ஆறு மாதத்தில் எந்தத் தவணையும் காசில்லாமல் திரும்பியிருக்கக் கூடாது. அதைக் கேட்டபோது குகதாசன் வாய்விட்டுச் சிரித்தான். அவனிடம் இதைச் சொல்வது மீனுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி. இருந்தாலும் பங்குனி முடிகிற நேரத்தில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது, வருடம் பிறந்த பிறகு விண்ணப்பம் கொடுக்கலாம் என்று வைத்திருந்தான்.

வருடப்பிறப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை கடையில் சனம். பத்து மணிக்கே லாச்சி நிரம்பிவிட்டது. காசை எண்ணிக் கட்டிய உதயகலா நாட்காட்டியைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, பாங்குக்கு ஒருக்காப் போட்டு வாங்கோவன். நாளைக்குப் பூரணை, போயா லீவு. அடுத்தது ஞாயிறு. திங்கள் வருசப்பிறப்பு. காட் காசு திங்கள்தானே?"

"ஓம். மூண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம்."

"கணக்கிலை எவ்வளவு கிடக்கு?"

"பதினெட்டாயிரம்." சேமிப்புக் கணக்கில் கிடக்கிற காசு நித்திரை கொள்ளும் என்பது அவனுடைய கொள்கை.

"அப்ப கொண்டுபோய்ப் போடுங்கோ. லாச்சிக்குள்ளை நாலரை கிடக்கு."

குகதாசன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்க் காசை வெளியிலை அனுப்பச் சொல்லுறீரோ?"

"பாங்கிலை போடுறது வெளியிலையே? உங்கடை கணக்கிலை எல்லோ போடுறியள்?"

"போட்டால் எடுப்பான். வருசம் பிறக்கப்போற வெள்ளியிலை எடுத்தானெண்டால் வருசம் முழுக்க எடுத்துக்கொண்டிருப்பான்."

"திங்கள்தானே அவங்கள் எடுக்கிறது?"

"திங்கள் லீவு. பிறகென்னெண்டு எடுக்கிறது? செவ்வாய்தான் எடுப்பான். செவ்வாய் விடிய நான் முதல் ஆளாய்ப் போய்ப் போடுறன்."

"கொம்பியூட்டருக்கும் லீவோ?"

"கலா, நான் ஒண்டு கேக்கிறன். திங்கள் நான் கடையைப் பூட்டியிருந்தால், காசு வாங்க வாறவன் செவ்வாய் வருவானோ, முந்தின வெள்ளியே வருவானோ?"

உதயகலா காசுக் கட்டுகளைத் திரும்ப லாச்சிக்குள் அடுக்கினாள். சந்தியில் யாரிடம் கேட்டிருந்தாலும் செவ்வாய் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சுன்னாகத்து வெங்காயச் சந்தையில் நூறு வருடமாகக் கை மாறின காசெல்லாம் அப்படித்தான் மாறியிருக்கிறது. விடுமுறை வந்தால் கடன் ஒரு நாள் இளைப்பாறும். கடன் முன்னுக்கு ஓடி வந்து கதவைத் தட்டியதாக ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

அன்று பின்னேரம் அவனுடைய தொலைபேசி பதினேழு தரம் கிணுகிணுத்தது. நகைக்கடை வாழ்த்து, தொலைபேசிக் கம்பனி வாழ்த்து, பட்டுப் புடவைக்கு விலைக்கழிவு, நடுவில் வங்கியிடமிருந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி. எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழித்துவிட்டு அவன் கடையைப் பூட்டினான். காசு லாச்சியில் பத்திரமாக இருந்தது.

செவ்வாய் காலை சொன்னபடி முதல் ஆளாகப் போய் நின்றான். ஜெயசுதன் லீவு. வேறொரு பெண்பிள்ளை காசை எண்ணி வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தாள். வியாழன் நல்ல நேரம் பார்த்துக் கடன் விண்ணப்பத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தான். கடன் பகுதிக்குப் பொறுப்பான மிரியம் அவனுக்குத் தேநீர் எடுப்பித்துத் தந்தாள்.

மூன்று கிழமை கழித்து அவள் கூப்பிட்டபோது தேநீர் வரவில்லை.

"குகதாசன், உங்கடை காட் கட்டளை ஒண்டு காசில்லாமல் திரும்பியிருக்கு. ஏப்ரல் பதினொண்டு."

"பதினொண்டோ? பதினாலு எல்லோ மிஸ் தவணை?"

"பதினாலு வங்கி விடுமுறை. விடுமுறையெண்டால் முந்திய வேலை நாள் எடுக்கும். வெள்ளிக்கிழமை எடுக்கப் பாத்திருக்கு. பதினெட்டாயிரம்தான் கிடந்திருக்கு."

"முந்திய நாளோ? ஆர் அப்பிடிச் சொன்னது?"

மிரியம் ஒரு கோப்பைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். மூன்றாம் பக்கம். பென்சில் புள்ளடிக்கு மேலே அவனுடைய கையெழுத்து, முதலெழுத்துகளைச் சுழித்து, அடியில் இரண்டு கோடு இழுத்து, மிக அழகாக இருந்தது.

"நீங்கள்தான்," என்றாள்.

"நான் செவ்வாய் காசு போட்டனே! முழுக்காசும்!"

"போட்டிருக்கிறியள். இண்டைக்கும் கிடக்கு. சேமிப்புக் கணக்கிலை. கட்டளை ஒருக்காத்தான் எடுக்கும், பிறகு திரும்பிப் பாராது. காட்டுக்கு ஒண்டும் போகேல்லை. பிந்தின கட்டணமும், வாங்கின நாளிலையிருந்து வட்டியும் ஏறிக்கொண்டு நிக்குது."

மூன்று கிழமையாகத் தன்னுடைய காசு அதே கட்டிடத்துக்குள் ஒரு கணக்கில் குந்தியிருக்க, பக்கத்துக் கணக்கில் தான் கடன்காரனாக நின்றதை குகதாசன் யோசித்துப் பார்த்தான். ஒரே முதலாளி வலது கைக்கு வாங்கிக்கொண்டு இடது கைக்குத் தரவில்லை என்று வழக்குப் பேசுகிறான். இதைச் சந்தையில் ஒருவன் செய்தால் அடி விழும்.

"சரி மிஸ்," என்று கதிரையை முன்னுக்கு இழுத்தான். பேரம் பேசுகிற குரல் தானாக வந்தது. "வட்டியைத் தாறன். கட்டணத்தையும் தாறன். அதுக்கு மேலை ஒரு பத்தாயிரம் கேட்டாலும் தாறன். உந்தத் திரும்பினதை மட்டும் எடுத்து விடுங்கோ."

"காசு விசயமில்லை."

"பாங்கிலை காசு விசயமில்லாமல் வேறென்ன விசயம்?"

மிரியத்துக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. "என்ரை கையிலை இருந்தால் இண்டைக்கே செய்வன். விண்ணப்பத்தைப் போட்டவுடனை கொம்பியூட்டர் சிவப்புக் காட்டுது. கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கும் எழுதிப் பாத்தன். திரும்பின நாளிலையிருந்து ஆறு மாதம் கழிச்சு, ஐப்பசியிலை திருப்பிப் போடுங்கோ."

விலை சொல்ல ஆளில்லாத கடையில் தான் நிற்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. எதிரில் மனிதர் இருந்தால் இறங்கி வருவார்கள், கோபப்படுவார்கள், எழும்பிப் போகிற மாதிரி நடிப்பார்கள். இங்கே எழும்பிப் போகிற மாதிரி நடித்தால் உண்மையாகவே போக வேண்டியதுதான்.

வேறு இரண்டு வங்கிகளுக்கும் போனான். அங்கே கடன் இருந்தது. வட்டியைக் கேட்டால் மாதத் தவணை கடை வருமானத்தைத் தாண்டியது. கடைசியில் செல்வரட்ணத்துக்கு எடுத்தான்.

"அண்ணை, ஐப்பசி மட்டும் பொறுங்கோ. வேணுமெண்டால் நாற்பதை இப்பவே தாறன்."

"தம்பி, இஞ்சை மகளுக்கு வீடு எடுத்தாச்சு. ஆனி முப்பதுக்கு நான் முழுக்காசும் கட்டவேணும். பிந்தினால் வச்ச முற்பணமும் போயிடும்."

"பத்தொன்பது வரியத்திலை ஒரு மாதம் வாடகை பிந்தியிருக்கிறனோ?"

"இல்லை. அதை நான் ஆரிட்டையும் சொல்லுவன். எனக்கு உம்மடை வார்த்தை போதும் தம்பி, பாங்குக்குக் காணேல்லையே." செல்வரட்ணம் செருமினார். "பக்கத்துக் கடை லெனாட் கேட்டவன். அவனுக்குக் கடன் சரிவந்திட்டுதாம்."

குகதாசன் தொலைபேசியை வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையைப் பார்த்தான். லெனாட் தொலைபேசிக் கடை வைத்திருப்பவன். தேநீர்க் கடைக்கு நாலு மாதப் பாக்கி. கதவு செய்த தச்சனுக்குப் பாதிக் காசு. பெட்டிக்கடைக்காரி நவமணி அவனைக் கண்டால் சீட்டுக் காசைக் கேட்டுக் கத்துவாள், அவன் கைகூப்பிக்கொண்டு போவான். சந்தியில் அவனுக்கு ஒரு வாழைப்பழத்தையும் கடனாகக் கொடுக்க ஆளில்லை.

அன்று பின்னேரமே கேட்டுவிட்டான். லெனாட் மறைக்கவில்லை. மறைக்க அவனுக்கு என்ன இருந்தது?

"குகண்ணை, என்னட்டை ஒரு காட்டும் இல்லை. பாங்குக்கு ஒரு தவணையும் இல்லை. பிறகென்னெண்டு பிந்துறது? அவங்கள் தேடிப் பாத்தாங்கள், என்ரை பேரிலை ஒரு புள்ளி இல்லை. சனத்தின்ரை போனுக்கு ரீலோட் போடுற காசு மாதம் எழுபது எண்பது லட்சம் என்ரை கணக்காலை ஓடுது. அதிலை எனக்கு மிஞ்சிறது பிளேன்ரீக்குத்தான் காணும். ஆனால் ஓடுறது ஓடுறதுதானே! அந்த மிஸ்ஸே ஆச்சரியப்பட்டவ."

"தச்சனுக்குக் குடுக்கிற காசு?"

"அது கொம்பியூட்டரிலை இல்லையே அண்ணை," என்றான் லெனாட், எந்தக் கபடமும் இல்லாமல்.

ஆனி இருபத்தெட்டில் கட்டிடம் லெனாட்டின் பேரில் எழுதி முடிந்தது. ஆடி முதலாம் திகதி லெனாட் புதிய வாடகை ஒப்பந்தத்தோடு கடைக்கு வந்தான். முதல்நாள்வரை வாசலில் நின்று பேசியவன், இன்று உள்ளே வந்து கதிரையில் இருந்தான். இதுவரை வாடகை முப்பத்தையாயிரம். இனி அறுபது என்றான்.

"அறுபதோ? உமக்கென்ன விசரே? நாற்பது."

"அண்ணை, எனக்குத் தவணை கட்டவேணும்."

"நாற்பத்திரண்டு. கூரை ஒழுகுது."

"ஐம்பத்தெட்டு."

உதயகலா கல்லாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குகதாசனுக்கு முகம் சிவந்திருந்தது. கை விரித்தான், எழும்பினான், திரும்ப இருந்தான். அரை மணித்தியாலத்தில் ஐம்பத்திரண்டாயிரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். கையெழுத்தை வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்து, பழக்கதோஷத்தில் மனைவியின் பக்கம் வெற்றியோடு திரும்பினான். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வாங்கியது கடையை அல்ல, கூடின வாடகையை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. தொலைபேசிக் கம்பனியின் நீளமான விளம்பரப் பலகையோடு ஒருவன் இறங்கினான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ," என்றான் லெனாட். "கம்பனிக்காரன் முன்பக்கம் முழுக்கக் கேக்கிறான். மாதம் காசு தாறான். உங்கடை பேர்ப் பலகையைக் கொஞ்சம் கடைக்குப் பக்கத்திலை போற ஒழுங்கைப் பக்கமாய் அடிப்பம்."

வந்தவன் மேலே அண்ணாந்து பார்த்தான். "ஏணி இருக்கே ஐயா?"

குகதாசன் விற்பனைக்குச் சாத்தியிருந்த அலுமினிய ஏணிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வாசல் நிலம் சரிவு. ஏணி ஆடியது.

"ஐயா, ஒருக்கா அடியைப் பிடியுங்கோ."

அவன் குனிந்து இரண்டு கையாலும் பிடித்தான். மேலே அவனுடைய பேர்ப் பலகையின் துருப்பிடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பம்பு வாங்க வந்த ஏழாலை ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, இவர்தானே முதலாளி என்ற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ளை இருங்கோ, வாறன்," என்றான் குகதாசன், நிமிராமல்.